எண்பதில் நிறுத்துங்கள்

எண்பது! இந்த எண்ணை எழுதிச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டச் சொன்னாலும் மாட்டுவேன். வீட்டில் திட்டு விழும் என்பதால் ரிசீவரின் மெனுவோடு நிறுத்திக்கொண்டிருக்கிறேன். சப்வூஃபர் வைத்திருக்கும் யாரைப் பார்த்தாலும் என் வாயில் முதலில் வரும் கேள்வி, "கிராஸ்ஓவர் எதுல வச்சிருக்கீங்க?" பாதிப் பேர் விழிப்பார்கள். மீதிப் பேர், "ஃபுல்லா வச்சிருக்கேன் சார், செம்மயா அதிருது" என்பார்கள். அதிர்வது வேறு, பேஸ் வேறு ஐயா!

கிராஸ்ஓவர் என்பது ஒரு எல்லைக்கோடு. அதற்குக் கீழே உள்ள ஒலி சப்வூஃபருக்குப் போகும், மேலே உள்ளது ஸ்பீக்கர்களுக்குப் போகும். கத்தி வைத்து அறுத்தது போல அல்ல, கோட்டின் இரு பக்கமும் சரிவாகத்தான் குறையும். அந்தக் கோட்டை எங்கே போடுகிறோம் என்பதில்தான் அத்தனை சுகமும் இருக்கிறது. பத்து அங்குலமா, பன்னிரண்டு அங்குலமா, எத்தனை வாட்ஸ் என்ற சண்டையெல்லாம் அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

நான்கு தந்தி பேஸ் கிட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். தடிமனான தந்தியைச் சும்மா சுண்டினால் 41 ஹெர்ட்ஸ். அடுத்தது 55, அதற்கடுத்தது 73, மெல்லிய தந்தி 98. கோட்டை 80இல் போட்டால் முதல் மூன்று தந்திகளின் அடிநாதம் சப்வூஃபரிடம், நான்காவது ஸ்பீக்கரிடம். விரல் தந்தியை உரசும் சத்தம், நாதத்தோடு கூடவே எழும் மேல் அதிர்வுகள், இவையெல்லாமும் ஸ்பீக்கரிடம்தான். ஆக, ஒரே சுரத்தை அறையின் வெவ்வேறு இடங்களில் இருக்கும் பெட்டிகள் பங்கு போட்டு வாசிக்கின்றன. காதுக்கு வரும்போது மட்டும் அது ஒரே ஆள் வாசித்த ஒரே சுரமாக இருக்க வேண்டும். கோடு சரியாக விழுந்துவிட்டால் அப்படியே இருக்கிறது! எனக்கு இன்னமும் இது கண்கட்டு வித்தைதான்.

என் மைத்துனன் வீட்டில் 150இல் வைத்திருந்தார்கள். 1982இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் நிலாப் பாட்டைப் போட்டான். எஸ்.பி.பி.யின் குரல் நடுவில் நிற்காமல் சோபாவுக்கு இடது மூலையில் தரையிலிருந்து கொஞ்சம் கசிந்தது. ஆண் குரலின் அடிநாதம் ஏறக்குறைய 85 ஹெர்ட்ஸிலேயே தொடங்கிவிடும். 150இல் கோடு போட்டால் பாடகரின் நெஞ்சுக்குரல் மூலையில் கிடக்கும் பெட்டிக்குத்தானே போகும்? மெனுவைத் திறந்து 80க்கு இறக்கினேன்.

"என்ன மாமா, பேஸ் குறைஞ்சு போச்சே?"

"பாட்டு முடியட்டும்டா மாப்ள."

குரல் நடுவுக்கு வந்து நின்றது. கிட்டார் மேலே தெளிந்தது. அதற்கு அடியில், அதுவரை ஒரே குமுறலாகக் கேட்டுக்கொண்டிருந்தது தனித்தனிச் சுரங்களாகப் பிரிந்து நடக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு சுரமும் தொடங்குவது தெரிகிறது, முடிவது தெரிகிறது. இளையராஜாவின் பேஸ் கிட்டார் தாளத்துக்குத் துணை நிற்பதோடு விடாது, தனியாக ஒரு மெட்டே பாடிக்கொண்டு போகும். அதை இப்படிக் கேட்டவர்களிடம் விளக்க வேண்டியதில்லை. பாட்டு முடிந்ததும் பையன் ரிமோட்டை எடுத்து மறுபடி முதலிலிருந்து போட்டான். "இந்தப் பாட்டுல இப்படி ஒரு பேஸ் இருக்கா மாமா?" அப்புறம் 'பம்பாய்' படத்து ஹம்மா, அப்புறம் இன்னொன்று. சாப்பாடு ஆறிப் போனது.

80 என்ற எண்ணைப் பெரிதாகப் பரப்பியது டி.எச்.எக்ஸ். லூகாஸ் ஃபிலிமில் டாம்லின்சன் ஹோல்மன் உருவாக்கிய தர முறை அது, 1983இல் 'ரிட்டர்ன் ஆஃப் த ஜெடை' படத்தோடு திரையரங்குகளுக்கு வந்தது. பிறகு வீட்டு அமைப்புகளுக்கும் தரம் வகுத்தபோது கோட்டை 80இல் போட்டார்கள். 80 ஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் சுமார் 4.3 மீட்டர். இரண்டு காதுகளுக்கும் இடையே ஒரு சாண் இடைவெளிகூட இல்லாத நம் தலையால் அவ்வளவு நீள அலை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பிரிக்க முடிவதில்லை. அதனால்தான் பெட்டி மூலையில் இருந்தாலும் பேஸ் ஸ்பீக்கரிலிருந்தே வருவதாக மூளை நம்பிவிடுகிறது.

எல்லா வீட்டிலும் 80தானா என்றால், இல்லை. உள்ளங்கை அளவு சேட்டிலைட் ஸ்பீக்கர்களால் அவ்வளவு கீழே இறங்க முடியாது, அவற்றுக்கு 120தான் சரி. ஆளுயர டவர் ஸ்பீக்கர் என்றால் 60 போட்டுப் பார்க்கலாம். என்னிடம் இருப்பது ஐந்தேகால் அங்குல புக்‌ஷெல்ஃப், 55 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் என்று அட்டையில் போட்டிருக்கிறது. அதற்கு மேலே கொஞ்சம் மூச்சு விட இடம் கொடுத்தால் 80. ரிசீவர் மைக் வைத்துத் தானாக அளந்து 60 என்று சொன்னால் தைரியமாக 80க்கு ஏற்றுங்கள். 120 என்று சொன்னால் மட்டும் இறக்காதீர்கள், ஸ்பீக்கரால் முடியாது என்றுதான் அது சொல்கிறது.

இன்னொன்று, மெனுவில் கோடு போட்ட பிறகு சப்வூஃபரின் முதுகில் இருக்கும் கிராஸ்ஓவர் திருகைக் கடைசி வரை திருகிவிடுங்கள், அல்லது எல்.எஃப்.இ. என்ற இடத்தில் வையுங்கள். இல்லாவிட்டால் இரண்டு இடத்தில் வெட்டு விழுந்து நடுவில் பள்ளம் விழும். வெறும் ஸ்டீரியோ ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது. அங்கே ஸ்பீக்கர் முழு ஒலியையும் வாசிக்கும் என்பதால், அது ஓயும் இடத்தில் திருகை நிறுத்த வேண்டும். என் ஸ்பீக்கருக்கு அது 55, 60 பக்கம் வரும்.

இவ்வளவும் செய்தும் ஒரு சுரம் மட்டும் காணாமல் போகிறதா? அறையைப் பாருங்கள். என் ஹால் 14 அடி நீளம். அந்த நீளத்துக்குச் சரியாக 40 ஹெர்ட்ஸ் அலையில் பாதி அடங்கும். அப்படி அடங்கினால் சுவரோரம் அந்த ஒலி எகிறும், நட்டநடுவில் செத்துப்போகும். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41 என்றேனே, நடுவில் சோபா போட்டால் சரியாக அதுதான் போகும்! சோபாவை இரண்டடி பின்னால் தள்ளினேன், திரும்பி வந்தது. சப்வூஃபரைத் தூக்கிச் சோபாவிலேயே வைத்துப் பாட்டைப் போட்டுவிட்டு, தரையில் தவழ்ந்து எந்த இடத்தில் பேஸ் சீராகக் கேட்கிறதோ அங்கே பெட்டியை வைப்பது ஒரு பழைய உத்தி. நான் தவழ்ந்ததைப் பக்கத்து வீட்டுப் பாட்டி பார்த்துவிட்டார். பரவாயில்லை.

கடைசியாக, சப்வூஃபரின் ஃபேஸ் சுவிட்ச். நீங்கள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, 80 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, வீட்டில் யாரையாவது 0, 180 என்று மாற்றச் சொல்லுங்கள். எதில் சத்தம் கூடுகிறதோ அதுதான் சரி. இதற்கு மேல் சப்வூஃபரின் வால்யூமையும் குறைக்கலாம், கீழ் வீட்டுக்காரரும் வாழ்த்துவார்.

புதிய சப்வூஃபர் வாங்கப் பணம் சேர்த்துக்கொண்டிருப்பவர்கள் ஒரு வாரம் பொறுங்கள். முதலில் இன்று இரவே மெனுவைத் திறந்து கோட்டை மாற்றிவிட்டு, உங்களுக்கு மனப்பாடமான பாட்டு ஒன்றைப் போடுங்கள். செலவு ஒரு ரூபாய்கூட இல்லை.