மாயாவியின் கை எட்டாத இடம்: தமிழ்க் காமிக்ஸ் நாயகர்களும் சமூக அநீதியும்

தமிழில் காமிக்ஸ் நாயகர்களைப் பரவலாக்கியதில் சிவகாசியிலிருந்து வந்த இரண்டு இதழ்களுக்குப் பெரும்பங்கு உண்டு. சௌந்திரபாண்டியன் 1972-ல் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். அதன் முதல் வெளியீடு 'இரும்புக்கை மாயாவி'. அவருடைய மகன் விஜயன் 1984-ல் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். மதுரையிலும் சுற்று வட்டார ஊர்களிலும் சிறுவர்கள் இவற்றைக் கைமாற்றிப் படித்தார்கள். இக்கதைகள் அநீதியை எப்படிக் காட்டின, எதைக் காட்டாமல் விட்டன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

வில்லனைப் பிடித்தால் போதுமா?

இரும்புக்கை மாயாவி 1962-ல் பிரிட்டனின் 'வேலியன்ட்' வார இதழில் தோன்றிய பாத்திரம். விபத்தில் ஒரு கையை இழந்த ஆய்வுக்கூட உதவியாளர் லூயிஸ் கிராண்டேலுக்கு இரும்புக் கை பொருத்தப்படுகிறது. உடலில் மின்சாரம் பாய்ந்தால் அந்தக் கை மட்டுமே வெளியே தெரியும். முதலில் தீய வழியில் சென்ற அவர், பிறகு உளவாளியாகி உலகை மிரட்டும் சதிகாரர்களை முறியடிக்கிறார். இவ்வகைக் கதைகளில் அநீதிக்கு ஒரு முகம் உண்டு, ஒரு ரகசியக் கோட்டை உண்டு. வில்லன் பிடிபட்டதும் அநீதி முடிந்துவிடும்.

1936-ல் அமெரிக்காவில் லீ ஃபாக் உருவாக்கிய வேதாளர், காட்டு மக்களைக் காக்கிறார். ஆனால் காக்கும் அதிகாரம் தலைமுறை தலைமுறையாக ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்திடமே இருக்கிறது. 1948-ல் இத்தாலியில் பிறந்த டெக்ஸ் வில்லர் சற்று மாறுபட்டவர். நவஹோ பழங்குடிப் பெண்ணை மணந்து, அம்மக்களின் தலைவராகவும் ஆனவர். அவர்களை ஏமாற்றும் அதிகாரிகளையும் வியாபாரிகளையும் எதிர்க்கிறார். தமிழ் வாசகர்கள் இவரைக் கொண்டாடுவதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். ஆனால் அங்கும் தலைமை வெளியிலிருந்து வந்தவரிடமே தங்கிவிடுகிறது.

கட்டங்களுக்கு வெளியே இருந்தவை

இக்கதைகள் அச்சான சிவகாசி, தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் பெயர்பெற்ற ஊர். அந்தத் தொழில்களில் குழந்தைகள் வேலை செய்தது நாடறிந்த செய்தி. உச்ச நீதிமன்றம் 1996-ல் அளித்த தீர்ப்பில், சட்டத்துக்குப் புறம்பாக வேலைக்கு அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றது. மாயாவியைப் படித்த சிறுவனின் வயதில்தான் தீப்பெட்டி ஒட்டிய சிறுமியும் இருந்தாள். அவள் எந்தக் கட்டத்திலும் வரவில்லை. இதைப் பதிப்பாளர்களின் குற்றமாகக் கொள்ள முடியாது. அவர்கள் வெளிநாட்டுக் கதைகளை மொழிபெயர்த்துத் தந்தார்கள். பலருக்கு வாசிப்புப் பழக்கத்தையே ஏற்படுத்தினார்கள். ஆனால் அந்தக் கதை வடிவத்தில் அச்சிறுமிக்கு இடமில்லை என்பதும் உண்மை.

மதுரை மாவட்டம் உத்தப்புரம் இதை இன்னும் தெளிவாக்குகிறது. அங்கே தலித் மக்களின் குடியிருப்பைப் பிரித்து நின்ற சுவரின் ஒரு பகுதி, 2008 மே 6 அன்று அரசு நிர்வாகத்தால் இடிக்கப்பட்டது. இரும்புக் கை ஒன்று அதை ஒரே கட்டத்தில் உடைத்துவிடும். உண்மையில் அதற்கு மனுக்களும் போராட்டங்களும் பல ஆண்டுகளும் தேவைப்பட்டன. சுவரில் வழி திறந்த பிறகும், அவ்வூர் முத்தாலம்மன் கோவிலில் தலித் மக்கள் வழிபட 2011 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சுவரை உடைக்கலாம், அதைக் கட்டிய வழக்கத்துக்கு ஒரே முகம் இல்லை. நாள்தோறும் வணக்கம் சொல்லிப் பழகும் சாதாரண மனிதர்களே அதைக் காத்து வருகிறார்கள். நாயகன் யாரைக் குத்துவான்?

வேறு வழி தேடிய கதைகள்

இந்தச் சிக்கலைச் சில படைப்புகள் உணர்ந்திருந்தன. 1938-ல் அறிமுகமான சூப்பர்மேன், தொடக்கக் கதை ஒன்றில் பாதுகாப்பற்ற சுரங்கத்தின் முதலாளியை அதே சுரங்கத்துக்குள் சிக்கவைக்கிறார். தொழிலாளியின் பயத்தை முதலாளி உணர்வதுதான் அங்கே தண்டனை. 1970-ல் வெளிவந்த 'கிரீன் லான்டர்ன்' கதையில் ஒரு கறுப்பின முதியவர் நாயகனிடம், வேற்றுக் கிரகவாசிகளுக்கு உதவிய நீ எங்களுக்கு என்ன செய்தாய் என்ற பொருளில் கேட்கிறார். நாயகன் தலைகுனிகிறான்.

இந்தியாவில், 2012 டெல்லி கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பின் உருவான 'பிரியாஸ் சக்தி' 2014-ல் வெளியானது. வன்கொடுமைக்கு ஆளாகி, குடும்பத்தாலும் ஒதுக்கப்பட்ட பிரியா, தன்னை மிரட்டிய புலியையே வாகனமாக்கி ஊர் திரும்புகிறாள். அவள் யாரையும் அடிப்பதில்லை, பேசுகிறாள். பாதிக்கப்பட்டவளே நாயகியாவது இதன் பலம். அவளுக்குத் துணிவு வரப் பார்வதி தேவியே இறங்கி வர வேண்டியிருப்பதும், ஊர் விரைவில் மனம் மாறிவிடுவதும் இதன் பலவீனம்.

2011-ல் வந்த 'பீமாயணம்' அதிசய சக்தி எதையும் நாடவில்லை. பள்ளியில் தண்ணீர் மறுக்கப்பட்ட சிறுவன் அம்பேத்கரின் தாகத்தை அது வரைகிறது. பர்தான் கோண்ட் ஓவியர்களான துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் இருவரும் வழக்கமான சதுரக் கட்டங்களைத் தவிர்த்தார்கள். கொடுஞ்சொல் பேசுவோரின் பேச்சுக்குமிழுக்குத் தேளின் கொடுக்கு இருக்கிறது. நஞ்சு ஒரு வில்லனிடம் மட்டும் இல்லை, அன்றாடப் பேச்சில் இருக்கிறது என்பதைப் படமே சொல்லிவிடுகிறது.

மதிப்பீடு

சாகசக் கதைகள் சிறுவர்களுக்குத் தைரியத்தைக் கற்றுத்தந்தன. நல்லது வெல்லும் என்ற நம்பிக்கையைத் தந்தன. கூடவே, யாரோ ஒருவர் வந்து காப்பாற்றுவார் என்ற எதிர்பார்ப்பையும் வளர்த்தன. அன்றாட ஏற்றத்தாழ்வின் முன் இந்த எதிர்பார்ப்பு பயன்படாது. சூப்பர்மேனின் சுரங்கக் கதையும் பீமாயணமும் வெற்றி பெறுவது, பாதிக்கப்பட்டவரின் இடத்தில் வாசகரை நிறுத்துவதால்தான். தமிழில் நேரடியாக எழுதப்படும் காமிக்ஸ் இந்த வழியில் போக வேண்டும். உத்தப்புரத்துச் சுவரும் தீப்பெட்டி ஒட்டிய சிறுமியும் அதன் கட்டங்களுக்குள் வர வேண்டும்.