பாரி மகளிரும் வெள்ளைத் தோலும்

திரைப்படங்களைப் பற்றி எழுதும் வழக்கம் நமக்கில்லை. எழுதத்தக்க பொருள் அங்குக் குறைவு என்பது நம் எண்ணம். எனினும், ஒரு படம் சங்க இலக்கியத்தின் வாயிலில் வந்து நின்று, அங்கிருந்த இரு பெண்களைக் கைப்பற்றிச் சந்தைக்கு இழுத்துச் சென்றால், தமிழ் கற்பிப்போர் வாளா இருத்தல் தகாது. 2007-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஏவி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட, ஷங்கர் இயக்கிய, ரஜினிகாந்த் நடித்த ‘சிவாஜி’ என்னும் படத்தையே குறிப்பிடுகிறோம்.

அப்படத்தில் நாயகனுக்குப் பெண் தேடுகிறார்கள். அண்டை வீட்டார் ஒருவர் தம் பெண்மக்கள் இருவரை முன்னிறுத்துகிறார். அப்பெண்களுக்குக் கரி அப்பியது போன்ற ஒப்பனை. அவர்களைக் கண்டு நாயகன் மிரள்வதுதான் நகைச்சுவை. அப்பெண்களின் பெயர்கள் அங்கவை, சங்கவை. தந்தையாக நடித்தவரோ தமிழ்ப் பேராசிரியரும் பட்டிமன்ற நடுவருமான சாலமன் பாப்பையா அவர்கள். அப்பெயர்கள் இவ்வாறு ஒரு தமிழறிஞர் நாவினின்றே வெளிப்பட்டமை நமக்கு வருத்தம் தருகிறது.

அங்கவையும் சங்கவையும் பறம்புமலை வள்ளல் பாரியின் மக்கள் என்பது வழிவழிச் செய்தி. சங்கப் பாடல்களில் இப்பெயர்கள் இல்லை. ‘பாரி மகளிர்’ என்றே புறநானூறு குறிக்கும். அந்நூலின் 112-ஆம் பாட்டு அவர்கள் பாடியது. தந்தையையும் மலையையும் இழந்த ஒரு திங்களின் துயரம் அதில் உண்டு. பின்னர் அவர்களைக் கபிலர் விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் அழைத்துச் சென்று மணந்துகொள்ள வேண்டினார். இருவரும் மறுத்தனர். மூவேந்தரின் பகைக்கு அஞ்சி மறுத்திருக்கலாம் என்பர் ஆராய்ந்தோர். நிறத்துக்காக மறுத்தனர் என்று எவரும் சொன்னதில்லை. கபிலர் உயிர் நீத்த இடமென்று திருக்கோவலூரில் பெண்ணையாற்றின் நடுவே ஒரு குன்றைக் காட்டுகிறார்கள். அவ்வூர்க் கோயிலில் இராசராசன் காலக் கல்வெட்டும் இச்செய்தி கூறுகிறது. நெய்வேலியும் திருக்கோவலூரும் பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் ஊர்களே. ஆகவே பாரி மகளிர் நமக்கு ஒரு வகையில் அண்டை வீட்டார்.

மன்னர் இருவரால் மறுக்கப்பட்ட அப்பெண்கள், ஈராயிரம் ஆண்டுகள் கழித்துத் திரையில் மீண்டும் மறுக்கப்பட்டனர். இம்முறை காரணம் தோல். இதன் பயனை வகுப்பறையில் காண்கிறோம். 112-ஆம் பாட்டை நடத்துங்கால் இப்பெயர்களைச் சொன்ன அளவில் பின்வரிசையில் சிரிப்பு எழுகிறது. படம் வந்த ஆண்டில் பிறவாத பிள்ளைகளும் சிரிக்கிறார்கள்.

இது ஒரு பாதி. மறு பாதி நாயகனைப் பற்றியது. நாயகியின் மனத்தைப் பெற வேண்டித் தன் கறுப்பை வெளுக்க அவனும் என்னென்னவோ பூசிக்கொள்கிறான். பின்னர் வரும் பாட்டில் ஐரோப்பியர் போன்ற வெண்ணிறத்தோடு ஆடுகிறான். ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியின் மேனி நிறத்தைக் கணினி வழியே நடிகரின் மேனியில் ஏற்றி இதைச் செய்தார்கள். பாட்டு முடிந்ததும் அவன் பழைய நிறத்துக்குத் திரும்புகிறான்; அரங்கம் ஆரவாரிக்கிறது. ஆணுக்குக் கறுப்பு கழற்றி மாட்டும் சட்டை. பெண்ணுக்கோ அது தீர்ப்பு. ஒரே படத்தில், ஒரே நிறத்துக்கு இரண்டு நீதி!

இதைக் கொண்டு ஆண்களுக்கு இத்துன்பமே இல்லை என்று முடித்துவிடலாமா? முடியாது. வெள்ளித்திரை நாயகன் கறுப்பாக இருந்துவிட்டுப் போகலாம். மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கும் இளைஞன் நாயகன் அல்லன். நிறப்பூச்சு விற்போர் இதை நன்கறிவர். ‘ஃபேர் அண்ட் லவ்லி’ 1975-இல் பெண்களுக்கென்று கடைக்கு வந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து, 2005-இல் இமாமி நிறுவனத்தார் ஆண்களுக்கென்று ‘ஃபேர் அண்ட் ஹேண்ட்சம்’ கொணர்ந்தனர். ‘சிவாஜி’யின் பாட்டு அதற்கு இரண்டாண்டு பிந்தியது. முன்னதன் பெயரில் இருந்த ‘ஃபேர்’ என்னும் சொல்லை 2020-இல் எடுத்துவிட்டு ‘க்ளோ’ என்று மாற்றினார்கள். பெயர் வெளுத்ததே தவிர, பூச்சு கடையில்தான் இருக்கிறது.

ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள வேறுபாடு வேறோரிடத்தில் இருக்கிறது. பெண்ணின் உடற்குறை நம் சமூகத்தில் துயரமாகவும் விலையாகவும் பேசப்படுகிறது. ஆணின் உடற்குறை சிரிப்பாகப் பேசப்படுகிறது. கறுத்த பெண்ணின் தந்தை நிறத்துக்கு ஈடாகப் பவுன் கூட்டுகிறார். கறுத்த ஆணோ, தன்னைக் கேலி செய்வோரோடு சேர்ந்து தானும் சிரிக்க வேண்டியவனாகிறான். செந்திலின் நிறத்தையும் தலையையும் கவுண்டமணி ஏசுவதைக் கேட்டு ஒரு தலைமுறையே வயிறு குலுங்கச் சிரித்தது. ஏச்சு வாங்குபவன் கோபித்தால் ‘விளையாட்டு தெரியாதவன்’ என்ற பட்டம் வேறு! பெண் தாயின் மடியில் அழலாம். ஆணுக்கு அந்த இடமும் இல்லை. ஆயினும் இரண்டையும் ஒரே தராசில் சமமாக வைக்க நாம் ஒருப்படோம். சிரிப்பு நெஞ்சைச் சுடும். பவுன் குடும்பத்தையே விற்கும்.

இந்நகரத்தில் இதைக் கண்கூடாகக் காணலாம். நிறுவனத்தில் நிரந்தரப் பணி உள்ள மாப்பிள்ளையின் வழுக்கை எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை, தொந்தியும் தெரிவதில்லை. ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கும் தம்பிக்கோ தலைமுடி முதல் கால்விரல் வரை அனைத்தும் தெரியும். ஆணின் உடலை மூடும் ஆடை அவனது சம்பளம். அது குறையுந்தோறும் உடல் வெளியே தெரிகிறது. நம் இளைஞர்கள் உடற்பயிற்சிக் கூடங்களில் மாவுப்பொடி கரைத்துக் குடித்துத் தோள் வளர்ப்பதன் பின்னே இதுவும் ஒரு காரணம் என்பது நம் கணிப்பு. (தோண்டியெடுக்கும் நிலக்கரியைக் ‘கறுப்புத் தங்கம்’ என்று போற்றும் இதே ஊரில், கறுத்த மாணவனை ‘நிலக்கரி’ என்று கூப்பிடுவது வசவு. என்ன நியாயமோ!)

ஷங்கரே 2015-இல் ‘ஐ’ எடுத்தார். தசை வளர்க்கும் ஓர் ஆணழகன், பகைவர் ஏற்றிய நோயால் உருக்குலைந்து கூனனாகும் கதை. அழகு நிலையாதது என்று அறிவுறுத்த எடுத்ததுபோல் தோன்றும். ஆனால் நாயகன் பழி வாங்கும் முறை யாது? பகைவர் ஒவ்வொருவரையும் அருவருப்பான உருவமாக்கி விடுகிறான். அழகின்மையே தண்டனை என்றால், பிறவியிலேயே அழகற்றவன் எக்குற்றத்துக்குத் தண்டனை பெற்றவன்? இவ்வினா இயக்குநருக்குத் தோன்றவில்லை. அதே ஆண்டில் வந்த ‘இஞ்சி இடுப்பழகி’ நேர்மையான நோக்கமுடையது. உடல் மெலிய வைப்பதாகச் சொல்லும் நிலையங்களின் மோசடியைச் சாடியது. அதற்காக அனுஷ்கா உடல் பருத்தார்; ‘ஐ’க்காக விக்ரம் உடல் இளைத்தார். அவர் செய்தது தவம் எனப்பட்டது. இவரைப் பற்றியோ, மீண்டும் மெலிந்துவிட்டாரா என்பதே பேச்சாயிற்று.

அரபு இலக்கியத்திலும் இவ்வாய்வுக்கு இடமுண்டு. பஸராவின் பேரறிஞர் ஜாஹிழ் ஹிஜ்ரி 255-இல் மறைந்தார். அப்பெயருக்கே பிதுங்கிய விழியர் என்றுதான் பொருள். கலீபா முத்தவக்கில் தம் மக்களுக்கு ஆசிரியராக அவரை அழைத்து, முகத்தைப் பார்த்ததும் பொருள் கொடுத்து அனுப்பிவிட்டார் என்பர். தம்மை ஒரு பெண் பொற்கொல்லனிடம் இட்டுச் சென்று, ஷைத்தானின் உருவம் பொறிக்க மாதிரியாகக் காட்டிய கதையை அவரே சொல்லிச் சிரித்திருக்கிறார். பிறர் சிரிக்குமுன் தாம் சிரித்துவிடும் ஆணின் தற்காப்பு அன்றே இருந்தது போலும்.

ஹதீஸ் நூல்கள் சிரிப்பை வேறு விதமாக நிறுத்துகின்றன. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மெலிந்த கால்களைக் கண்டு தோழர்கள் நகைத்தபோது, மறுமைத் தராசில் அக்கால்கள் உஹது மலையினும் கனக்கும் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவித்ததாக முஸ்னத் அஹ்மதில் காண்கிறோம். அன்னை ஸபிய்யா (ரலி) அவர்களின் குட்டை உருவத்தைச் சுட்டி ஒரு சொல் வீட்டுக்குள்ளேயே எழுந்தபோது, கடல்நீரையே கெடுக்க வல்ல சொல் அது என்று கண்டித்ததாக அபூதாவூது பதிவு செய்கிறது. ஒருவர் ஆண், ஒருவர் பெண். கண்டிப்பில் வேற்றுமை இல்லை.

அழகு ஒரு பொருட்டே அன்று என்று நம் நூல்கள் பசப்பவுமில்லை. உருவப் பொலிவற்ற ஜுலைபீப் (ரலி) அவர்களுக்கு நபிகளார் பெண் கேட்டபோது தாய் தயங்கினார், மகளோ இசைந்தார். மாறாக, அன்ஸாரிகளின் சொல்வல்லாராகிய ஸாபித் இப்னு கைஸ் (ரலி) அவர்களின் மனைவி, அவருடன் வாழ இயலாதென்று முறையிட்டார். அவரது தோற்றம் பிடிக்காமையே காரணம் என இப்னு மாஜாவின் அறிவிப்பு உணர்த்துகிறது. மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பித் தந்து பிரியும்படி தீர்ப்பாயிற்று. இசைந்தவளையும் ஏசவில்லை, மறுத்தவளையும் ஏசவில்லை. இரண்டிடத்தும் கேட்கப்பட்டது பெண்ணின் வாய்ச்சொல்.

நம் இல்லங்களில் நடப்பது யாது? மாப்பிள்ளையின் தாயும் தமக்கையரும் சென்று பெண்ணைப் பார்க்கிறார்கள். வெளிச்சத்தில் நிறுத்தியும் பார்க்கிறார்கள். மாப்பிள்ளையைப் பெண் பார்ப்பதில்லை, அல்லது கைப்பேசியில் நிழற்படமாகப் பார்க்கிறாள். மணமகள் தேவை விளம்பரங்களில் ‘சிவந்த நிறம்’ என்ற சொல் இன்னும் அச்சேறுகிறது. மணமகன் தேவை என்ற இடத்தில் நிறம் இல்லை, வேலை இருக்கிறது. சமுதாய இதழ்களின் ஆசிரியர்கள் இவ்விரண்டு பத்திகளையும் அருகருகே வைத்து ஒருமுறை படித்துப் பார்க்கட்டும். நிறத்தைக் குறிக்கும் சொல்லை அச்சுக்கு ஏற்பதில்லை என்று முடிவு செய்ய அவர்களுக்குப் பொருட்செலவு ஏதுமில்லை.