மாஸ்கிங் டேப்பில் இருக்கும் பெயர்

மின் கிதாரின் கதையாடலில் இரண்டே இரண்டு ஆண்கள்தான் திரும்பத் திரும்ப வருகிறார்கள். ஒருவர் அதை 'உருவாக்கியவர்'. இன்னொருவர் மேடையில் அதை அலறவைத்தவர். இவர்களுக்கு நடுவே ஒரு தொழிற்சாலை இருந்ததே, அங்கே யார் உட்கார்ந்திருந்தார்கள் என்ற கேள்வி, ராக் இசையைக் கலகத்தின் குரல் என்று எழுதுகிற நம் நண்பர்களுக்கும்கூட வருவதில்லை.

1954இல் கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் ஃபெண்டர் கம்பெனி ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதாரை வெளியிட்டது. அந்த வருஷத்துக் கிதார்கள் சிலவற்றின் முன்தகட்டைக் கழற்றினால் உள்ளே குழிவில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டியிருக்கும். அதில் 'மேரி' என்றோ 'கிளோரியா' என்றோ ஒரு பெயர், கூடவே தேதி. ஆம்ப்ளிஃபயர் பெட்டிகளுக்குள் 'லில்லி'. வயரிங் செய்து சால்டர் வைத்த பெண்கள் இவர்கள். எல்லோர் கண்ணிலும் படுகிற தலைப்பகுதியில் முதலாளியின் குடும்பப் பெயர். மூடிக்கு அடியில், குடும்பப் பெயர்கூட இல்லாமல் இவர்களுடையது.

பிழை வந்தால் யார் வேலை என்று பிடிப்பதற்காக ஒட்டிய துண்டுகளாகத்தான் இவை இருந்திருக்க வேண்டும். அதாவது இது கையொப்பமல்ல, கண்காணிப்பு. இன்றைக்கு நிலைமை தலைகீழ். பழைய கிதார் சேகரிப்பவர்கள் அந்தத் துண்டு இருக்கிறதா என்று திறந்து பார்க்கிறார்கள். இருந்தால் 'அசல்' என்பதற்கு அது சாட்சி. குற்றம் காண எழுதிய பெயர் பண்டத்தின் மதிப்பைக் கூட்டும் பெயராகிவிட்டது. கூடிய விலையில் கிளோரியாவுக்கு என்ன பங்கு என்று கேட்டுப்பாருங்கள், சிரிப்பார்கள்.

இந்த வேலையில் அப்படி என்ன இருக்கிறது? பிக்கப்பை எடுத்துக்கொள்வோம். ஸ்ட்ராட்டோகாஸ்டரின் பிக்கப்பில் ஆறு சிறிய காந்தத் தண்டுகள்; அவற்றைச் சுற்றித் தலைமுடி அளவு மெல்லிய, சுமார் 0.06 மில்லிமீட்டர் தடிமனுள்ள செப்புக் கம்பி, ஏறத்தாழ 8,000 சுற்று. மேலே எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் கலைகிறது, சுருளில் மின்சாரம் பிறக்கிறது, அது ஆம்ப்ளிஃபயருக்குப் போகிறது. சுருளைச் சுழற்றியது மோட்டார்தான். ஆனால் கம்பியை விரலிடுக்கில் பிடித்து இப்படியும் அப்படியும் நகர்த்தியது கை. இழுவை கூடினால் கம்பி அறுந்துபோகும், குறைந்தால் சுருள் தொளதொளத்துக் கீச்சிடும். கை நகர்த்துவதால் சுற்றுகள் ஒழுங்காக அடுக்கப்படுவதில்லை. அந்த ஒழுங்கின்மை சுருளுக்குள் சேரும் மின்தேக்கத்தைக் குறைக்கிறது, உச்ச ஒலிகள் மழுங்காமல் வருகின்றன. சீராகச் சுற்றும் எந்திரங்கள் வந்தபிறகு 'பழைய தொனி எங்கே போச்சு' என்று புலம்பினார்களே, அவர்கள் தேடியதில் பெரும்பகுதி ஒரு பெண்ணின் விரல்கள் செய்த இந்த ஒழுங்கின்மைதான்.

அபிகெய்ல் இபார்ரா 1956இல் ஃபெண்டரில் சேர்ந்தவர், 2013இல் ஓய்வு பெற்றார். நடுவில் 1965இல் லியோ ஃபெண்டர் கம்பெனியை சிபிஎஸ்ஸுக்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றார். 1985இல் அது மறுபடியும் கைமாறியது. பிற்காலத்தில் இபார்ரா சுற்றிய பிக்கப்கள் அவர் பெயரைச் சொல்லியே விலைபோயின. அவரிடம் கற்றுக்கொண்ட ஹொசெஃபினா கேம்போஸ் அவருக்குப் பின் அந்த இடத்துக்கு வந்தார். லியோ ஃபெண்டருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது என்பது ஊரறிந்த செய்தி. அதனால் அவருடைய மேதைமைக்கு ஒரு குறையும் வரவில்லை. வாசிக்கத் தெரியாமலே கிதார் செய்தால் மேதை, கம்பி சுற்றினால் தொழிலாளி. என்ன நியாயமோ!

'பெண்களுக்கு விரல் லாகவம், பொறுமை ஜாஸ்தி' என்பது எலெக்ட்ரானிக்ஸ் முதலாளிகளின் வேதவாக்கு. நம்மூர் பீடிக்கும் தீப்பெட்டிக்கும் இதையேதான் சொன்னார்கள். டயேன் எல்சனும் ரூத் பியர்சனும் 1981இல் எழுதிய ஒரு கட்டுரை இந்த வாக்கைப் பிரித்துப்போட்டது. அந்த லாகவம் பிறப்பில் வருவதில்லை. சிறு வயதிலிருந்து வீட்டில் தையலும் பிறவும் செய்து பழகியது. பயிற்சி வீட்டுக்குள் நடந்ததால் அது கண்ணில் படவில்லை. கண்ணில் படாததால் அது 'திறன்' இல்லை. திறன் இல்லாததால் கூலி குறைவு.

சரி, மறைக்கப்பட்ட பெண்களை மீட்டெடுப்போம் என்று கிளம்புகிறவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. அவர்கள் தேடுவது 'முதல் பெண் கண்டுபிடிப்பாளர்'. அப்படிப்பட்டவர்கள் கிடைக்கவும் செய்கிறார்கள். டாஃப்னி ஓரம் 1958இல் பிபிசியின் ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். மறு வருஷமே வெளியேறி, ஃபிலிம் சுருளில் கையால் வரைந்த கோடுகளை ஒலியாக மாற்றும் 'ஓராமிக்ஸ்' எந்திரத்தை உருவாக்கினார். அவர் இறந்தது 2003இல்; லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் அந்த எந்திரம் மக்கள் பார்வைக்கு வந்தது 2011இல். அவர் பெயர் பேசப்பட வேண்டியதுதான், யார் வேண்டாமென்றார்கள்? ஆனால் மூளை மேலே, கை கீழே என்கிற ஏணியை அப்படியே வைத்துக்கொண்டு மேல்படியில் ஒரு பெண்ணை ஏற்றிவிட்டால் இபார்ரா நின்ற படி மாறிவிடுமா? அதனால்தான் எனக்கு ஃப்ரான் பிளாஞ்ச் முக்கியமாகப் படுகிறார். 1990களிலிருந்து ஃப்ரான்டோன் என்ற பெயரில் கிதார் பெடல்களை, அதாவது காலால் அழுத்தினால் ஒலியைக் கரகரப்பாக்கும் சின்னப் பெட்டிகளை, செய்து விற்றவர். அங்கே சர்க்யூட்டை வரைந்தவரும் சால்டர் வைத்தவரும் ஒருவரே.

தமிழ் படித்த எனக்கு இந்த இடத்தில் நன்னூல் ஞாபகம் வருகிறது. பாயிரம் கேட்கிற முதல் விவரமே ஆக்கியோன் பெயர். அதே பாயிரத்தில், நூல் என்ற சொல்லுக்கு விளக்கம் சொல்லும்போது, புலவன் நூல் நூற்கும் பெண்ணாகிவிடுகிறான். சொல் பஞ்சு, வாய் அவள் கை, மதி அவள் கையிலிருக்கும் கதிர். கவனியுங்கள், மதிக்கு உவமை கருவி. பேசும் வாய்க்கு உவமை கை! பவணந்தி இதை நினைத்தாரோ இல்லையோ, அந்தப் பிரதியில் பேசுவது கைதான். ஆனால் நூற்கிறவளுக்குப் பெயர் கிடையாது. உவமைக்கு வந்துவிட்டுப் போகிறாள், அவ்வளவுதான்.

மேரிக்கும் கிளோரியாவுக்கும் டேப்பிலாவது பெயர் மிஞ்சியது. பழுதுபார்க்கத் திறந்தவர்கள் இன்னும் எத்தனை துண்டுகளைப் பிய்த்துக் குப்பையில் போட்டார்களோ.