ஹோத்தோன் ஆய்வும் பாடநூற் கதையும்

பல்கலைக்கழகங்களில் முகாமைத்துவம் பயிலச் செல்லும் நம் மாணவர் எதிர்கொள்ளும் பாடங்களுள் நிறுவன நடத்தை என்பது ஒன்று. ஓரிடத்திற் கூடி வேலைசெய்யும் மாந்தர் எவ்வாறு நடந்துகொள்கின்றனர், ஏன் அவ்வாறு நடந்துகொள்கின்றனர், அவரை நடத்திச் செல்பவன் யாது செய்தல் வேண்டும் என்பனவற்றை ஆராய்வது அது. தலைமைத்துவம் பற்றிய பகுதி அதன் நடுநாயகமாக விளங்குவது. அப்பாடத்தின் வாயிலிலே பெரும்பாலும் ஒரு கதை நிற்கின்றது. பழைய மாணவர் ஒருவர் தம் பாடக்குறிப்பினை அண்மையில் எமக்குக் காட்டியபோது, அக்கதை ஒரு பக்கத்துள் அடங்கிக் கிடப்பதைக் கண்டோம். அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கதை இதுவே. சிக்காக்கோ நகரின் அயலிலுள்ள சிசரோ என்னும் ஊரில், தொலைபேசிக் கருவிகள் செய்யும் வெஸ்ரேண் இலெக்றிக் கம்பனியின் ஹோத்தோன் தொழிற்சாலையிலே, 1924ஆம் ஆண்டு சில பரிசோதனைகள் தொடங்கின. விளக்கின் ஒளியைக் கூட்டினர், உற்பத்தி கூடிற்று. ஒளியைக் குறைத்தனர், அப்பொழுதும் கூடிற்று. பின்னர் ஹாவாட் பல்கலைக்கழகப் பேராசிரியர் எல்ரன் மேயோ வந்தார். ஐந்து பெண்களைத் தனியறையொன்றில் இருத்தி இளைப்பாறும் நேரம் அளித்தார். வேலை நேரத்தைச் சுருக்கினார். ஈற்றிலே அளித்த சலுகைகள் அனைத்தையும் மீளப் பெற்றுக்கொண்டார். அப்பொழுதும் உற்பத்தி முன்னில்லாத அளவுக்கு உயர்ந்தது. ஆகவே, மனிதனை ஊக்குவது ஒளியுமன்று, ஓய்வுமன்று, கூலியுமன்று. தன்னை ஒருவர் பொருட்படுத்துகின்றார் என்னும் உணர்ச்சியே என்பது முடிபு.

கேட்டற்கு இனிய கதை. இதனைத் திருக்குறளின் அதிகாரங்களோடு பொருத்திக் காட்டி மகிழ்வாரும் உளர். அம்முயற்சியில் யாம் இறங்கவில்லை. நடந்தது இதுதானா என்பதே நமது வினா.

முதலில் ஒளியை எடுத்துக்கொள்வோம். 1924 முதல் 1927 வரை நடந்த அப்பரிசோதனைகளின் மூலக் கணக்குகள் அழிந்தொழிந்தன என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. அவற்றின் பிரதிகளைத் தேடியெடுத்த லெவிற், லிஸ்ற் என்னும் பொருளியலறிஞர் இருவர் தம் ஆய்வினை 2011இல் வெளியிட்டனர். ஒளி மாற்றங்கள் ஞாயிற்றுக்கிழமைகளிலே செய்யப்பட்டன என்பது அதனால் விளங்கிற்று. மறுநாட் திங்களன்று உற்பத்தி உயர்ந்தது மெய். ஆனால் மாற்றம் யாதும் செய்யாத வாரங்களிலும் சனிக்கிழமையினும் திங்கட்கிழமை உற்பத்தி உயர்ந்தே இருந்தது. ஓய்வுநாளின் பயன் விளக்கின் பெயரில் வரவு வைக்கப்பட்டதுபோலும்! கதையிற் கூறப்படும் வியத்தகு ஏற்றம் மூலக் கணக்கில் இல்லை என்பதே அவ்விருவர் கண்ட முடிபு.

இனி அந்தத் தனியறைக்கு வருவோம். தொலைபேசி இணைப்பகங்களில் மின்னோட்டத்தைத் தொடுத்தும் துண்டித்தும் விடும் ‘ரிலே’ என்னும் சிறு பொறியைப் பூட்டுவது அப்பெண்களின் வேலை. பரிசோதனை 1927 ஏப்பிரிலில் தொடங்கிற்று. மேயோ அத்தொழிற்சாலைக்கு முதன்முதல் வந்ததோ 1928 ஏப்பிரிலில். ஆகவே அவரே அனைத்தையும் தொடக்கி நடத்தினார் என்பது பொருந்தாது. இது சிறு பிழை. பெரிய பிழைகள் இரண்டுள.

அவற்றுள் ஒன்று கூலி பற்றியது. அப்பெண்கள் முன்பு ஏறத்தாழ நூறுபேர் கொண்ட பகுதியிலே வேலைசெய்தனர். எண்ணிக்கைக்கேற்பக் கொடுபடும் கூலி அந்நூறுபேரின் மொத்த உற்பத்தியைக் கொண்டு கணிக்கப்பட்டது. ஒருத்தி எவ்வளவு விரைந்து செய்யினும் அதன் பயன் நூறு கூறாய்ச் சிதறும். தனியறைக்கு வந்தபின் அக்கணக்கு அவ்வைவர்க்குள் அடங்கிற்று. இளைப்பாறும் நேரம் கொடுபடுமுன்னரே இம்மாற்றம் செய்யப்பட்டது. தன் கைவிரைவின் பயன் தன் கைக்கே பெரும்பாலும் வந்து சேர்வதாயின், எவர்தாம் விரையார்?

இதனை ஆய்வாளர் உணராதிருந்தாரல்லர். 1928இல் வேறு ஐவரைத் தெரிந்து, அவர்க்கு இக்கூலிமுறை ஒன்றையே அளித்துப் பார்த்தனர். உற்பத்தி நூற்றுக்குப் பன்னிரண்டளவில் உயர்ந்தது. பழைய முறைக்கு மீண்டதும் வீழ்ந்தது. அப்பரிசோதனை சில கிழமைகளில் நிறுத்தப்பட்டமைக்குரிய காரணம் சுவையானது: அப்பகுதியிலிருந்த ஏனையோரும் தமக்கும் அவ்வகைக் கூலி வேண்டும் என்று கேட்கத் தலைப்பட்டனர். கூலியை மாற்றாது ஓய்வு முதலியவற்றை மட்டும் அளித்து, மைக்காத் தகடு பிளக்கும் பெண்களிடத்து நடத்திய வேறொரு பரிசோதனையில் நூற்றுக்குப் பதினைந்தளவில் உயர்ச்சி கண்டனர் என்பதையும் மறைத்தலாகாது. கூலி தனிக் காரணமன்று என்று கூற இஃது ஒருவாறு இடந்தரும். தனிக் காரணமன்று என்பதிலிருந்து காரணமேயன்று என்பதற்குப் பாய்ந்தது பின்வந்தோர் செய்த தவறு.

மற்றையது இதனினும் பெரிது. தொடங்கிய ஐவரே இறுதிவரை இருந்தாரல்லர். வேலை நேரத்திற் பேசுகின்றனர், ஒத்துழைக்கின்றிலர் என்னும் குற்றச்சாட்டின்மீது இருவர் 1928 சனவரியில் நீக்கப்பட்டு, வேறிருவர் அவ்விடத்தில் அமர்த்தப்பட்டனர். புதிதாய் வந்தாருள் ஒருத்தி கைவேகம் மிக்கவள், பணத்தேவையும் மிக்கவள். ஏனையோரையும் அவளே முடுக்கினாள். அதன்பின்னரே உற்பத்தி விரைந்து ஏறிற்று. சலுகைகளை மீளப் பெற்ற காலத்து உற்பத்தி உச்சம் அடைந்தது என்பதும் வாரத்தின் மொத்தக் கணக்கே. ஓய்வு நீங்கி வேலை நேரம் நீண்டமையால் மொத்தம் பெருகியது. மணிக்கணக்கிற் பார்ப்பின் தளர்ச்சியே தெரிந்தது.

இக்குறைகளையெல்லாம் அலெக்ஸ் கேரி என்பார் 1967ஆம் ஆண்டிலேயே அமெரிக்க சமூகவியல் ஏடொன்றிற் கடுமையாக எடுத்துக்காட்டினார். மேயோவும் அவுஸ்திரேலியர்; கேரியும் அந்நாட்டில் வாழ்ந்தவர். 1978இல் பிராங்கே, கௌல் என்னும் இருவர் புள்ளிவிவர முறையால் ஆராய்ந்து, உற்பத்தி வேறுபாட்டின் பெரும்பகுதியை மேலாளரின் கட்டுப்பாடு, பொருளாதார மந்தத்தின் நெருக்கடி, ஓய்வு நேரம் என்னும் மூன்றுமே விளக்கும் என்றனர். அன்புக் கவனிப்பென்று பாடநூல் கூறுமிடத்திலே, இவர் கண்டது வேலை போய்விடும் என்னும் அச்சத்தை.

இத்துணைக் கண்டனத்துக்குப் பின்னும் கதை சாகாதது ஏன்? முகாமையாளருக்கு அது உவப்பானது என்பது ஒரு காரணம். புன்முறுவலுக்குச் செலவில்லை, கூலி உயர்வுக்குச் செலவுண்டு. மற்றொரு காரணம் நம்மனோரையும் சார்ந்தது. ஆசிரியர்க்குக் கதை கற்பித்தற்கு எளிது. மாணவர்க்குப் பரீட்சையில் எழுதுதற்கு எளிது.

மூல ஆசிரியர்மீது முழுப்பழியையும் சுமத்துதல் நேர்மையன்று. றெத்லிஸ்பேகர், டிக்சன் என்போர் 1939இல் வெளியிட்ட அறிக்கை நூல் அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்டது. இரு பெண்கள் நீக்கப்பட்டதும், கூலி மாறியதும் அந்நூலிலேயே உள. கேரி தம் கண்டனத்துக்கு வேண்டிய படைக்கலங்களை அதனினின்றே எடுத்தார். முடிபுகளில் அவர்கள் தடுமாறினும், கண்டவற்றை எழுதிவைத்தனர். தொழிலாளர் 20,000 பேருக்கு மேற்பட்டோரைக் கண்டு, குறுக்கிடாது அவர்தம் குறைகளைக் கேட்ட அவர்களின் நேர்காணல் முயற்சி இன்றும் மதிக்கத்தக்கது. குறை கேட்டல் வேறு, குறை தீர்த்தல் வேறு என்பதை மட்டும் அவர்கள் போதிய அளவு வற்புறுத்திலர். அறுநூறு பக்கத்தை ஒரு பக்கமாக்கியவர் பின்வந்தோரே. நாளை ஓர் ஆடைத் தொழிற்சாலையிலோ வங்கிக் கிளையிலோ பத்துப்பேருக்கு மேலாக அமரவிருக்கும் மாணவன் அவ்வொரு பக்கத்தையே தலைமைத்துவம் என்று கொண்டுசெல்கின்றான். அவனிடம் ஒருவன் கூலி போதாதென்று வந்து நின்றால், அவனுடைய பாடம் அவனுக்கு என்ன சொல்லும்?

அதே தொழிற்சாலையில் நடந்த இன்னொரு பரிசோதனையைப் பாடநூல்கள் குழு நெறிகள் என்னும் வேறோர் அதிகாரத்துட் போட்டுவிடுகின்றன. அதனை இதனோடு சேர்த்துப் படித்தலே முறை. 1931 நவம்பரில், தொலைபேசி இணைப்பகக் கருவிகளுக்குக் கம்பி பூட்டும் ஆடவர் பதினால்வரை ஓர் அறையில் இருத்தி, ஒருவர் உடனிருந்து பார்த்து வந்தார். இவர்களும் கவனிக்கப்பட்டவர்களே. ஆனால் உற்பத்தி உயரவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு கருவி என்று தமக்குள் ஓரளவு வகுத்துக்கொண்டு, அதற்கு மேற் செய்தவனைப் பரிகசித்தனர். புயத்திலே குத்தியும் அடக்கினர். அறையில் உண்மையான தலைமை அக்கட்டுப்பாட்டிலே இருந்தது. மேற்பார்வையாளனும் அதனைக் கண்டும் காணாதவனாய் இருந்தான். கூடச் செய்தால் கூலி வீதத்தைக் குறைப்பர், அல்லது யாரையேனும் வீட்டுக்கு அனுப்புவர் என்பது அவர்கள் கூறிய காரணம். அத்தகைய கூலிக் குறைப்பை அவருள் எவரும் நேரிற் கண்டதில்லையாதலால், அவ்வச்சம் அறிவின்பாற்பட்டதன்று, உணர்ச்சியின்பாற்பட்டது என்று ஆய்வாளர் எழுதினர்.

அவ்வறை 1932 மே மாதத்தில் மூடப்பட்டது. அவர்கட்குக் கொடுப்பதற்கு வேலை இருக்கவில்லை.