காடு தந்த வலிமையும் காட்டுக்குப் பட்ட கடனும்

நகர வாழ்வில் நலிந்த உள்ளம் காட்டையும் மலையையும் நாடிச் சென்று புத்துயிர் பெறுகிறது என்பது இலக்கியம் நெடுங்காலமாகக் கூறிவரும் செய்தியாகும். அச்செய்தியை மீண்டும் கூறுதல் எளிது. அப்புத்துயிர்க்கு யார் என்ன விலை கொடுத்தார் என்று வினவுதல் அரிது. அவ்வரிய வினாவை எழுப்பிய நாவல், 1939-இல் வங்க மொழியில் நூலாக வெளிவந்த 'ஆரண்யக்'. 'வனவாசி' என்னும் பெயரில் தமிழுக்கும் வந்துள்ள இந்நாவலின் ஆசிரியர், 'பாதேர் பாஞ்சாலி'யைப் படைத்த விபூதிபூஷண் பந்தோபாத்தியாய (1894–1950).

பீகாரின் பாகல்பூர்ப் பகுதியில் ஒரு ஜமீன் பணியில் இருந்தவர் விபூதிபூஷண். அப்பட்டறிவே இந்நாவலின் வேர். கதைத் தலைவன் சத்தியசரண் படித்தவன். கல்கத்தாவில் வேலையின்றி வாடுபவன். நண்பன் குடும்பத்தின் காட்டு நிலங்களை மேற்பார்க்கும் பணி கிடைக்க, மனமின்றியே செல்கிறான். தொடக்கத்தில் தனிமை அவனை வாட்டுகிறது. நூலகமும் நாடகமும் நண்பர் கூட்டமும் இல்லாத இடத்தில் எவ்வாறு வாழ்வது என்று கலங்குகிறான். காலம் செல்லச் செல்ல நிலவொளியும் வெட்டவெளியும் அவனை ஆட்கொள்கின்றன. பின்னர் நகருக்குத் திரும்புவதே அவனுக்குச் சுமையாகிறது.

இம்மாற்றத்தை ஆசிரியர் ஒரே நாளில் நிகழ்த்திக் காட்டவில்லை என்பது நூலின் முதற்சிறப்பு. பருவங்கள் மாறுகின்றன, குதிரைமீது நெடுவழி செல்கிறான், காட்டுத்தீயைக் காண்கிறான், கடுங்குளிரில் நடுங்குகிறான். அழகோடு அச்சமும் சேர்ந்தே அவனைப் பக்குவப்படுத்துகிறது. காட்டெருமைகளை வேட்டைக்காரரின் குழிகளிலிருந்து கையுயர்த்தித் தடுத்துக் காக்கும் தெய்வத்தைப் பற்றிக் கேட்கும்போது, படித்த அவன் உள்ளமும் நம்பிக்கைக்கு இடம் தருகிறது.

இரண்டாம் சிறப்பு, காட்டைக் காணக் கற்றவன் மனிதரையும் காணக் கற்கிறான் என்பது. சோற்றை விருந்தாகக் கருதும் ஏழைகளை அவன் அங்கேதான் சந்திக்கிறான். அவன் உண்ட தட்டின் மிச்சச் சோற்றைப் பிள்ளைகளுக்காகப் பெற்றுச் செல்ல, பனியிரவில் காத்து நிற்கும் கைம்பெண் குந்தாவை எளிதில் மறக்க இயலாது. தொலைவிலிருந்து செடிகொடிகளைக் கொணர்ந்து, தனக்கென ஒரு பயனும் கருதாமல் காட்டில் நட்டு மகிழும் யுகல்பிரசாதும் அத்தகையவனே. பழங்குடி அரசர் தோப்ரு பன்னாவின் வழித்தோன்றலான பானுமதியிடம் பாரதவர்ஷத்தைப் பற்றிக் கேட்டால், அது எத்திசையில் உள்ளது என்றே அவளுக்குத் தெரியவில்லை. இந்நாடு தன் மூத்த குடிகளுக்கு எவ்வளவு அயலாகிவிட்டது என்பதை அச்சிறு காட்சி உணர்த்திவிடுகிறது.

ஆயின் சத்தியசரணின் பணி யாது? காட்டைத் துண்டு துண்டாகக் குடியானவருக்குக் குத்தகைக்கு விடுதல். தன்னைப் புதுப்பித்த காட்டைத் தன் கையாலேயே அழிப்பவன் அவன். சரஸ்வதி குண்டி என்னும் ஏரிக்கரை வனத்தைக் காக்க இயன்றவரை காலந்தாழ்த்துகிறான். பணியைத் துறக்க மட்டும் துணிவதில்லை. இறுதியில் வனதேவதைகளிடம் மன்னிப்பு வேண்டி விடைபெறுகிறான்.

இங்கு நம் இலக்கியமும் நினைவுக்கு வருகிறது. கரிகாலன் காடழித்து நாடாக்கியதைப் பட்டினப்பாலை அவன் புகழாகவே பாடுகிறது. உழவுக்கு நிலம் தேடிய அக்காலத்தில் அது புகழே. அதே செயல் ஆரண்யக்கில் குற்றவுணர்வாக மாறி நிற்கிறது. எனினும் விபூதிபூஷண் ஒருபக்கமாகத் தீர்ப்புக் கூறவில்லை. நிலம் பெறுவோரும் பசித்தவர்களே என்பதை அவர் மறைக்கவில்லை.

குறைகளும் இல்லாமல் இல்லை. கோவையான கதைப்போக்கு இன்றி மாந்தர் பலர் தோன்றி மறைகின்றனர். பானுமதியைக் காணும் பார்வையில் நகரத்தானின் கனவுச்சாயல் படிந்துள்ளது. அவளை மணந்து அங்கேயே வாழலாமா என்று எண்ணுபவன், எண்ணத்தோடு நின்றுவிடுகிறான். அவன் கேட்கும் மன்னிப்பும் ஒரு மரத்தைக்கூட மீட்டுத் தருவதில்லை. ஆயினும் இக்கடைசிக் குறையே நூலின் உண்மையாகவும் அமைகிறது. தன்னை நல்லவனாகக் காட்டிக்கொள்ளும் வாய்ப்பைக் கதைசொல்லிக்கு ஆசிரியர் அளிக்கவில்லை.

விடுமுறை நாள்களில் மலையையும் வனத்தையும் நாடிச் சென்று, புத்துணர்வோடு திரும்புகிறோம் நாம். அவ்வுணர்வு பொய்யன்று, அதை இந்நாவலும் மறுக்கவில்லை. பெற்றவர் கடன்பட்டவர் என்பதை மட்டும் அது நினைவூட்டுகிறது. சத்தியசரண் அக்கடனை உணர்ந்தான், தீர்க்கவில்லை. தீர்க்கும் பொறுப்பு, அந்நூலைப் படித்து முடித்த நம் கைக்கு வந்து சேர்கிறது.