விலக்கு ஆணை எதை விலக்கியது?

2025 செப்டம்பர் தொடக்கத்தில் மத்திய அரசின் குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் விலக்கு ஆணை வந்தபோது, "ஈழத்தமிழருக்கு விடிவு பிறந்தாச்சு" என்று வாட்ஸ்அப்பில் ஒரே ஆரவாரம். எனக்கும் சந்தோஷம்தான். ஆனா ஆணையை எடுத்து இரண்டு தடவை படிச்சதுல அந்த சந்தோஷம் பாதியா குறைஞ்சுது.

ஆணை சொல்வது இதுதான்: 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து, அரசிடம் பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களை, பாஸ்போர்ட்டோ விசாவோ இல்லாததற்காகத் தண்டிக்க முடியாது. நல்ல விஷயம், மறுக்கவில்லை. 40 வருடமாகத் தலைக்கு மேல் தொங்கிய கத்தி அது. ஆனால் ஆணை விலக்குவது தண்டனையைத்தான். 1955 குடியுரிமைச் சட்டத்தில் உள்ள "சட்டவிரோதக் குடியேறி" என்ற வரையறையை அது தொடவே இல்லை. அந்தப் பெயர் ஒட்டியிருக்கும்வரை, பதிவு மூலமோ நீண்டகால வசிப்பு மூலமோ குடியுரிமை கேட்டு விண்ணப்பிக்க வழியில்லை. ஜெயிலுக்கு அனுப்ப மாட்டோம், ஆனால் நீ யார் என்பதையும் மாற்ற மாட்டோம் என்கிற நிலை.

நான் இருப்பது ஜவ்வாது மலையில். இங்கே காகிதம் எப்படி வேலை செய்யும் என்பது எல்லோருக்கும் பழக்கமான பாடம். எங்கள் மலையாளிகளுக்கு (கேரளக்காரர்கள் இல்லை, மலைவாழ் மக்கள்) பழங்குடிச் சான்றிதழ் உண்டு. காரணம், பழங்குடிப் பட்டியலில் மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்தில் தர்மபுரி, சேலம், திருச்சி என்று எழுதிய மாவட்டங்களோடு பழைய வட ஆற்காடும் இருக்கிறது. அதே மலையாளிகள் ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் இருந்தால் சான்றிதழ் கிடையாது. அந்த மலை அன்றைக்குக் கோயம்புத்தூர் மாவட்டம், பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. ஒரே ஜனம்தான். இருந்தாலும் அவர்களால் பட்டியலைக் காட்டி "என் பெயரையும் சேர்" என்று சண்டை போட முடிகிறது. முகாமில் இருப்பவருக்குக் காட்ட அப்படி ஒரு பட்டியல்கூட இல்லை. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை, அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் கிடையாது. கிடைப்பதெல்லாம் அரசாணையில் கிடைப்பது.

மாநில அரசு கொடுப்பது கொஞ்சமில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். மலையிலிருந்து வேலூர்ப் பக்கம் இறங்கினால் மேல்மொணவூர் முகாம். 2021 நவம்பரில் முதலமைச்சர் ஸ்டாலின் அங்கேதான் முகாம் வீடுகளுக்கான திட்டத்துக்கு அடிக்கல் நாட்டினார். 2023 செப்டம்பரில் கட்டி முடித்த வீடுகளைத் திறந்து வைத்ததும் அங்கேதான். அகதிகள் முகாம் "இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்" ஆனதும் 2021-ல். பணக்கொடை குடும்பத் தலைவருக்கு 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆனது, மற்றப் பெரியவர்களுக்கு 750-லிருந்து 1,000, சிறுவர்களுக்கு 400-லிருந்து 500. கணவன், மனைவி, இரண்டு சின்னப் பிள்ளைகள் என்றால் மாதம் 3,500. முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டில் முகாம்வாசிகளுக்கு வருமான வரம்பும் கிடையாது.

இங்கேதான் எனக்கு இடிக்கிறது. இந்தத் தகுதி ஆளோடு ஒட்டியதில்லை, முகாமோடு ஒட்டியது. 2021-ல் சட்டமன்றத்தில் சொன்ன கணக்குப்படி 108 முகாம்களில் இருந்தவர்கள் 58,822 பேர். காவல் நிலையத்தில் பதிந்துவிட்டு வெளியே வாழ்ந்தவர்கள் 34,087 பேர். ஒரே படகில் வந்திருக்கலாம், அண்ணன் தம்பியாகக்கூட இருக்கலாம். ஆனால் வெளியே போனவருக்குப் பணக்கொடை கிடையாது. உழைத்து, வாடகை கொடுத்து, சொந்தக் காலில் நிற்பவருக்கு அதற்காக அந்தஸ்தில் ஒரு படி உயர்வு உண்டா என்றால் அதுவும் இல்லை.

பிள்ளைகள் விஷயம் இன்னும் சிக்கல். ஒரு குடும்பத்தில் மூன்று பேர் என்று வைத்துக்கொள்வோம். மூத்தவர் 1986-ல் மண்டபத்தில் பிறந்தவர். 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்ததால் பிறப்பாலேயே குடிமகன். அப்படிப் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022-ல் மதுரைக் கிளை உத்தரவிட்டது, 2024 தேர்தலில் அவர் ஓட்டும் போட்டார். அடுத்தவர் 1995-ல் பிறந்தவர், பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்தால்தான் அவர் குடிமகன். மூன்றாமவர் 2006. 2004 டிசம்பருக்குப் பிறகு பிறந்தவர்களுக்குத் தாய் இந்தியராக இருந்தாலும் போதாது, தந்தை "சட்டவிரோதக் குடியேறி" என்றால் பிள்ளைக்குக் குடியுரிமை இல்லை. உள்ளூர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்ட முகாம் இளைஞரின் குழந்தைக்கு இதுதான் நிலை. விலக்கு ஆணை இதில் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை.

அமெரிக்காவைப் பார், ஐரோப்பாவைப் பார் என்று சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவில் ஏணி உண்டு: அகதி, ஒரு வருடம் கழித்து கிரீன் கார்டு, பிறகு குடியுரிமை. ஆனால் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிக்குமான உதவித்தொகை அகதிக்கு ஏழு வருடம்தான். அதற்குள் குடியுரிமை வாங்கவில்லை என்றால் நின்றுவிடும், அலுவலகத் தாமதத்தால் வாங்காவிட்டாலும்தான். 2025 ஜூலைச் சட்டம் இன்னும் ஒரு படி போய், கிரீன் கார்டு வரும்வரை அகதிக்கு உணவு உதவியே இல்லை என்றது. வந்திறங்கிய புதிதில்தானே சோற்றுக்குக் கஷ்டம்! ஏணி மட்டும் இருந்தால் போதாது, ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குக் கால் வைக்கும்போது கையில் இருப்பதைப் பிடுங்கக் கூடாது. நாளைக்கு முகாமில் ஒருவருக்குக் குடியுரிமை வந்தால், ரேஷன் கார்டு கைக்கு வரும்வரை பணக்கொடை தொடரும் என்பதை இப்போதே எழுத்தில் போட வேண்டும்.

வரையறையை மாற்றுவது அப்படி ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. 2019-ல் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த ஆறு மதத்தினருக்காக "சட்டவிரோதக் குடியேறி" என்ற பிரிவில் ஒரே ஒரு விலக்குரை சேர்த்தார்கள், வேலை முடிந்தது. இலங்கையை அதில் சேர்க்கவில்லை. இந்த 2025 ஆணையிலும் பாருங்கள், அந்த மூன்று நாட்டவருக்குக் கடைசித் தேதி 2024 டிசம்பர் 31. நம்மவர்களுக்கு மட்டும் 2015 ஜனவரி 9, கொழும்பில் மைத்திரிபால சிறிசேன பதவியேற்ற நாள். அன்றோடு அங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ணமோ என்னவோ. 2022-ல் பால் பவுடருக்கும் மண்ணெண்ணெய்க்கும் வழியில்லாமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு படகேறி, ராமேஸ்வரம் கரையில் இறங்கினார்களே, அவர்களுக்கு இந்த ஆணையில் இருக்கும் தண்டனை விலக்குகூட இல்லை.