பயனர்நிலை இழைகள்: சம்பிரதாயங்களும் உரைகல்லும்

அம்பத்தூர் தொழிற்பேட்டையின் பிரதான சாலைகளில் இன்று நடந்து போகிறவர், அறுபதுகளில் இப்பேட்டை எழுந்த காலத்துச் சாயலை இன்னும் விடாத லேத் பட்டறைகளையும் ஃபவுண்டரிகளையும் ஒருபுறத்திலும், மென்பொருள் நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்களையும், ஜன்னலற்ற நெடுஞ்சுவர்களுக்குள் இரவு பகலாகக் குளிரூட்டப்பட்டு இயங்கும் டேட்டா சென்டர்களையும் மறுபுறத்திலும் காண்பார். என்.டி.டி., கன்ட்ரோல்எஸ் ஆகியவற்றின் நிலையங்கள் இங்கே இருக்கின்றன. 2024 ஜனவரியில் டிஜிட்டல் கனெக்‌ஷன் நிறுவனத்தின் எம்.ஏ.ஏ.10 என்ற நிலையமும் இங்கேயே திறக்கப்பட்டது. இத்தகைய நிலையங்களில் அடுக்கடுக்காக நிற்கும் சர்வர்களுக்குள் பத்துக்கணக்கான கோர்களைக் கொண்ட பிராசஸர்கள் வேலை செய்கின்றன. எந்த வேலை எந்தக் கோரில் எந்தக் கணத்தில் நடைபெற வேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரம் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் கெர்னலுக்கு உரியதா, அன்றி அவ்வேலையின் தன்மையை உள்ளும் புறமும் அறிந்த புரோகிராமுக்கு உரியதா என்ற விவாதம், இக்கட்டடங்களுக்கெல்லாம் மூத்தது. தனக்கென்று பல சம்பிரதாயங்களையும் தர நியதிகளையும் வளர்த்துக்கொண்டது.

ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துப் பொறியியற் கல்லூரிகளின் மாணவர்கள் இந்த விஷயத்தின் வாசலை அறிவார்கள். புரோகிராமே ஆளும் பயனர்நிலை இழைகள் (த்ரெட்கள்) பல கெர்னலின் ஓர் இழைமேல் ஏறி ஓடுவது, ஒன்றுக்கு ஒன்றாக ஓடுவது, பலவற்றின்மேல் பல ஓடுவது என்ற மூன்று மாதிரிகளைப் படம் வரைந்து தேர்வுத்தாளில் எழுதிவிட்டு அவர்கள் வெளியே வருகிறார்கள். அப்படங்களுக்குப் பின்னால் உள்ள சரித்திரமும், அதில் வென்றவர் தோற்றவர் காரணங்களும் அவர்கள் கைக்கு எட்ட வேண்டும் என்ற ஆசையே இக்கட்டுரைக்கு ஆதாரம்.

பெரிய ஆலை ஒன்றில் ஜாப் ஒர்க் எடுத்த கான்டிராக்டருக்கு நிர்வாகம் நான்கு லேத்துகளை ஒதுக்கித் தருகிறது என்று கொள்வோம். எந்தப் பீஸை எந்த லேத்தில் ஏற்றுவது, எதை இறக்கிவிட்டு எதற்கு செட்டிங் மாற்றுவது என்பதை அவருடைய மேஸ்திரி நின்ற இடத்திலேயே சொல்லிவிடுவார்; ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஆபீஸ்வரை போய்ப் பதிவு செய்து அனுமதி பெற்று வருவதானால், வேலையைவிட நடையே அதிகமாகும். ஆனால் லேத்தில் நின்ற ஆள் ஒரு டூல் வாங்க ஸ்டோர்ஸ் ஜன்னலுக்குப் போய் அங்கேயே காத்து நின்றுவிட்டால், அது மேஸ்திரிக்குத் தெரிந்தாலன்றி அந்த லேத் சும்மா கிடக்கும். பயனர்நிலை இழைகளைப் பற்றிய சித்தாந்தங்களின் முழுச் சங்கடமும் அந்த ஸ்டோர்ஸ் ஜன்னலில்தான் இருக்கிறது. ஒரு சம்பிரதாயத்தின் தரத்தை நிர்ணயிக்க வேண்டுமானால், அது எவ்வளவு வேகமாக இழை மாற்றுகிறது என்று கேட்பதற்கு முன்னால், அதன் இழை ஒன்று கெர்னலுக்குள் போய் உறங்கிவிட்டால் கோர் என்ன ஆகிறது என்று கேட்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

வேகத்தின் கதை எளிது. பயனர்நிலையில் ஓர் இழையை நிறுத்தி வேறோர் இழையை ஓடவிடுவது என்றால், லினக்ஸில் ஓடும் எக்ஸ்86-64 பிராசஸரில், பொதுவான ஆறு ரிஜிஸ்டர்களை ஸ்டாக்கில் தள்ளி, ஸ்டாக் பாயிண்டரைப் புதிய இழையின் ஸ்டாக்குக்கு மாற்றி, அங்கே முன்பு தள்ளி வைத்திருந்த ஆறையும் எடுத்துக்கொண்டு திரும்புவது மட்டுமே. சில பத்து நானோசெகண்டுகளுக்குள் காரியம் முடிந்துவிடுகிறது. கெர்னல் வழியாகச் செய்யும்போதோ, அதிகார நிலை மாறி உள்ளே போய், அங்குள்ள ஷெட்யூலர் ஆராய்ந்து முடிவு செய்து, வெளியே வருவதற்குள் மைக்ரோசெகண்ட் கணக்கில் காலம் போகிறது. சில மைக்ரோசெகண்டுகளே ஆயுள் உள்ள சிறு வேலைகளை லட்சக்கணக்கில் செய்யும் சர்வருக்கு இந்த வித்தியாசம் அற்பமன்று.

ஆதி சம்பிரதாயம், எல்லா இழைகளையும் கெர்னலின் ஒரே இழைமேல் ஏற்றியது. ஜாவாவின் தொடக்க காலத்து கிரீன் த்ரெட் இவ்வகை. ஓர் இழை டிஸ்க்கைப் படிக்கப் போனால் அனைத்தும் நின்றுவிடும். கோர்கள் எத்தனை இருந்தாலும் ஒன்றே உழைக்கும். பல கோர்களின் யுகத்தில் இதைப் பற்றி மேலும் சொல்லத் தேவையில்லை.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்டர்சன், பெர்ஷாட், லசோவ்ஸ்கா, லெவி ஆகிய நால்வர் 1991ல் வெளியிட்ட ‘ஷெட்யூலர் ஆக்டிவேஷன்ஸ்’ என்னும் ஆய்வு இத்துறையின் மூல கிரந்தம் எனத் தகும். ஃபயர்ஃபிளை என்ற பல பிராசஸர் இயந்திரத்தை வைத்துக்கொண்டு, ஓர் இழையைப் படைத்து முடிப்பதற்குப் பயனர்நிலையில் 34 மைக்ரோசெகண்டும், கெர்னல் இழைக்கு 948ம், அதே வகைப் பிராசஸர் கொண்ட வேறோர் இயந்திரத்தில் முழுப் புராசஸுக்கு 11,300ம் ஆவதை அவர்கள் எடுத்துக்காட்டினார்கள். அதைவிட முக்கியம் அவர்கள் வகுத்த ஒப்பந்தம்: கெர்னல் புரோகிராமுக்கு பிராசஸர்களை ஒதுக்கித் தரும்; கொடுக்கும்போதும், பிடுங்கும்போதும், ஓர் இழை உள்ளே உறங்கும்போதும், விழிக்கும்போதும், கெர்னல் தானாகவே மேல்நோக்கி அழைத்துப் புரோகிராமின் ஷெட்யூலருக்குச் செய்தி சொல்லும். ஸ்டோர்ஸ் ஜன்னலில் ஆள் நிற்கிறான் என்று மேஸ்திரிக்குச் சொல்லி அனுப்பும் ஏற்பாட்டை முறையாக வகுத்துக் கொடுத்தவர்கள் அவர்கள்.

இவ்வளவு செம்மையான சித்தாந்தம் நடைமுறையில் வேர்விடவில்லை என்பது வருத்தத்துக்குரியது. நெட்பிஎஸ்டி, ஃப்ரீபிஎஸ்டி இரண்டும் இதையும் இதைப் போன்றதையும் முயன்று பின்னர் கைவிட்டன. இரண்டு அடுக்கு ஷெட்யூலர்களை நெடுங்காலம் பேணிய சோலாரிஸ், 2002ல் வந்த ஒன்பதாம் பதிப்பில் ஒன்றுக்கு ஒன்று என்ற முறைக்கே மாறியது. லினக்ஸில் ஐ.பி.எம். ஆதரவில் எழுந்த பலவற்றுக்குப் பல என்ற முயற்சியும், டிரெப்பரும் மோல்னாரும் எழுதிய ஒன்றுக்கு ஒன்று முறையும் ஏறத்தாழ ஒரே காலத்தில் போட்டியிட, பின்னதே நிலைத்தது. இரண்டு ஷெட்யூலர்கள் ஒன்றையொன்று அறியாமல் எதிரெதிராக முடிவெடுப்பதும், சிக்னல்களை எந்த இழைக்குச் சேர்ப்பது என்ற குழப்பமும் ஒருபுறம். கெர்னல் இழைகளின் விலை மளமளவென்று குறைந்தது மறுபுறம். வென்ற தரப்பின் வாதம் அக்காலத்துக்கு நியாயமானது என்றே சொல்வேன். ஆனால் ஆயிரங்களுக்குப் போதுமான விலை, பத்து லட்சம் இழைகளுக்குப் போதாது என்பது பின்னர் தெரிந்தது.

ஆகவே இழைகளை ஆளும் பொறுப்பு மொழிகளின் ரன்டைம்களுக்குப் போயிற்று. தொலைபேசி எக்ஸ்சேஞ்சுகளுக்காக எரிக்சன் நிறுவனத்தில் பிறந்த எர்லாங், ஒவ்வொரு இழைக்கும் இத்தனை படி என்று கணக்கிட்டு, கணக்குத் தீர்ந்ததும் இறக்கிவிடும் நியதியைக் கொண்டது; 2006 முதல் கோருக்கு ஒரு ஷெட்யூலரையும் வைத்துக்கொண்டது. கூகுளில் பிறந்த கோ மொழியின் ஏற்பாட்டைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அதில் கோரூட்டீன் என்னும் இழை வெறும் 2 கிலோபைட் அளவிலேயே தொடங்கக்கூடிய ஸ்டாக்கோடு பிறந்து, தேவைக்கேற்ப வளர்கிறது. கோருக்கு ஒன்றாக வைக்கப்பட்ட ஓட்ட உரிமைச் சீட்டு ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை உண்டு. தன் வரிசை காலியானால் பிறர் வரிசையில் பாதியைத் திருடிக்கொள்ளலாம். ஓர் இழை கெர்னலுக்குள் போய்த் தாமதித்தால், அதைக் கண்காணிக்கும் தனி இழை, அந்த உரிமைச் சீட்டைப் பறித்து வேறொரு கெர்னல் இழையிடம் கொடுத்துவிடுகிறது. கெர்னல் சொல்லியனுப்பாத செய்தியை ரன்டைம் தானே வேவு பார்த்து அறிந்துகொள்கிறது என்று இதற்குப் பொருள்.

இவ்வளவு திறமைக்கும் நடுவே ஒரு குறை பல ஆண்டுகள் இருந்தது. ஃபங்ஷன் அழைப்பு ஒன்றுகூட இல்லாத இறுக்கமான லூப்பில் ஓர் இழை சுழன்றால், அதை இறக்க ஷெட்யூலருக்கு வழியில்லை. குப்பை சேகரிப்புக்காக எல்லா இழைகளும் நிற்க வேண்டிய தருணத்தில், மற்றவையெல்லாம் நின்று அந்த ஒன்றுக்காகக் காத்துக் கிடக்கும். 2020 பிப்ரவரியில் வந்த 1.14ஆம் பதிப்பு இதைத் தீர்த்தது. தீர்த்த வழியோ கெர்னலிடம் கேட்டு ஒரு சிக்னலை அனுப்பச் செய்வது! கெர்னலை முற்றாகத் துறந்த சுதந்திரம் என்பது இலட்சியமாகவும் நிற்காது, நடைமுறையாகவும் நடவாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. கைவிட்ட கிரீன் த்ரெட்டை வேறு உருவில் மீட்டு, 2023 செப்டம்பரில் ஜாவா 21 கொண்டுவந்த விர்ச்சுவல் த்ரெட்டும் இப்படியே: ‘சிங்க்ரனைஸ்ட்’ பகுதிக்குள் காத்திருக்கும் இழை தன் கெர்னல் இழையையும் கட்டிப் போட்டு வைத்திருந்த குறை, 2025 மார்ச்சில் வந்த 24ஆம் பதிப்பில்தான் பெரும்பாலும் நீங்கியது.

விஞ்ஞானக் கணக்கீட்டுக்காரர்களின் கிளையைச் சுருக்கமாகவே குறிப்பிடலாம். எம்.ஐ.டி.யின் சில்க், வேலைத் திருட்டு முறைக்குக் கணித நிரூபணம் தந்தது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் லக்ஷ்மிகாந்த் காலே தலைமையில் வளர்ந்த சார்ம்++, இழைகளை ஓர் இயந்திரத்திலிருந்து இன்னோர் இயந்திரத்துக்கே இடம்பெயர்க்கவும் வல்லது.

ஸ்டான்ஃபோர்டில் ஆஸ்டர்ஹவுட்டின் குழுவினர் 2018ல் வெளியிட்ட அராக்னி என்னும் இழை நூலகம், 1991ன் ஒப்பந்தத்தைக் கெர்னலைத் தொடாமலேயே புதுப்பித்தது. தனக்கு எத்தனை கோர் வேண்டும் என்று புரோகிராம் கேட்கிறது. மத்தியஸ்தம் செய்யும் தனிப் புரோகிராம் ஒன்று கோர்களை முழுமையாக ஒதுக்கித் தருகிறது. தன்னிடம் உள்ள கோர்கள் எவை என்பது புரோகிராமுக்கு எப்போதும் தெரியும். வேறொரு கோரில் புதிய இழையைத் தொடங்க 320 நானோசெகண்ட் போதும் என்றும், மெம்கேஷ்ட் என்னும் கேஷ் சர்வரில் கடைசியாக வரும் பதில்களின் தாமதம் பத்து மடங்குக்கு மேல் குறைந்தது என்றும் அவர்கள் அளந்து காட்டினார்கள். டேட்டா சென்டர்களுக்கு உகந்த உரைகல் இதுவே. சராசரி வேகத்தைவிட, மிகத் தாமதமான அந்தச் சில பதில்களே வாடிக்கையாளரைச் சலிப்படையச் செய்கின்றன. டாங்கிகளைச் செய்யும் நம் ஆவடி போன்ற இடங்களுக்குரிய நிகழ்நேரப் பணிகளிலோ உரைகல் இன்னும் கடுமையானது: கெடு ஒருமுறைகூடத் தவறக்கூடாது. அங்கே கோரைத் தாமாக விட்டுக்கொடுக்கும் இழைகளை நம்பி இறங்குவது உசிதமன்று.

நம் சென்னைக்கும் இந்தப் பரம்பரையில் ஓர் இடம் உண்டு என்பதைப் பெருமிதத்தோடு சொல்ல வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யின் கே. சி. சிவராமகிருஷ்ணன், டிம் ஹாரிஸ், சைமன் மார்லோ, சைமன் பெய்ட்டன் ஜோன்ஸ் ஆகியோருடன் சேர்ந்து, ஷெட்யூலர் ஆக்டிவேஷன்ஸ் கருத்தை ஹாஸ்கெல் மொழிக்குக் கொணர்ந்த ஆய்வின் ஆசிரியர்களில் ஒருவர். பிறகு ஓகாமல் மொழியைப் பல கோர்களுக்குத் தகுதியாக்கிய நெடிய முயற்சியில் முன்னின்றவர். 2022 டிசம்பரில் வெளியான ஓகாமல் 5.0ல் ரன்டைமுக்குள் இலகு இழைகளுக்கென்று ஷெட்யூலரே கிடையாது. எஃபெக்ட் ஹேண்ட்லர் என்ற கருவியின் மூலம், ஓடிக்கொண்டிருக்கும் கணக்கை அப்படியே நிறுத்தி, அதன் மீதியை ஒரு பொருளாகக் கையில் எடுத்துக்கொண்டு, உரிய சமயத்தில் ஒரே ஒருமுறை தொடர விடலாம். இந்த ஒன்றை வைத்துக்கொண்டு ஷெட்யூலரைச் சாதாரண நூலகமாக எவரும் எழுதிவிடலாம். இயோ என்ற நூலகம் லினக்ஸில் ஐஓ-யூரிங் வழியாகக் கெர்னலிடம் வேண்டுகோளை வைத்துவிட்டு, உள்ளே உறங்காமல் திரும்பி வந்து அடுத்த இழையை ஓட்டுகிறது. ஸ்டோர்ஸ் ஜன்னலில் நிற்காமல் சீட்டை மட்டும் கொடுத்துவிட்டு வரும் இந்த வழி, என் மதிப்பில் இன்றுள்ள விடைகளில் உத்தமமானது.

எனினும் இங்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. பல கோர்களில் ஒருசேர ஓடுவதற்கு ஓகாமல் பயன்படுத்தும் டொமைன் என்னும் அலகு ஒவ்வொன்றும் கெர்னல் இழை ஒன்றைச் சார்ந்தது; சிறு குப்பை சேகரிப்பின்போது எல்லா டொமைன்களும் ஒருசேர நின்று பங்கெடுக்க வேண்டும். கோர்களின் எண்ணிக்கையைவிட அதிகமாக டொமைன்களைத் திறந்துவிட்டால், கெர்னல் அவற்றில் ஒன்றை இறக்கிவைத்த நேரம் பார்த்து மற்ற எல்லாம் அதற்காகக் காத்திருக்க நேரிடும். எனவேதான் கோருக்கு மிஞ்சி டொமைன் வேண்டாம் என்று அதன் ஆசிரியர்களே அறிவுறுத்துகிறார்கள்.

இச்சம்பிரதாயங்கள் யாவற்றிலும் அதிகம் கவனிக்கப்படாத தரம், உள்ளே நடப்பதைக் கண்ணால் காணும் வசதி. இரவு ஷிஃப்டில் சர்வர் மந்தமாகிவிட்டது என்று புகார் வரும்போது பொறியாளர் முதலில் திறப்பது ‘டாப்’ திரையை. அதில் தெரிபவை கெர்னல் அறிந்த புராசஸ்களும் இழைகளும் மட்டுமே. பத்து லட்சம் கோரூட்டீன்களில் ஒன்பது லட்சம் ஒரே பூட்டுக்காகக் காத்து நின்றாலும் திரையில் ஒரு சலனமும் இராது. கோ புரோகிராமுக்கு ஒரு சிக்னலை அனுப்பி எல்லா இழைகளின் ஸ்டாக்கையும் அச்சிடச் செய்யலாம்; ஜாவா 21ல் ‘ஜேசிஎம்டி’ கருவி விர்ச்சுவல் த்ரெட்களையும் சேர்த்துப் பட்டியலிடும்; ஓகாமல் 5ல் ரன்டைம் ஈவண்ட்ஸ் உண்டு. நம் வட்டாரத்து மாணவர் ஒருவர் புராஜெக்ட்டுக்காகப் புதிதாக ஓர் இழை நூலகத்தை எழுத முனைந்தால், இழை மாற்றும் அந்தச் சில வரி அசெம்ப்ளியை எழுதிய கையோடு, எந்த இழை எதற்காக எவ்வளவு நேரமாகக் காத்திருக்கிறது என்று அச்சிடும் ஃபங்ஷனையும் எழுதிவிட வேண்டும். அது இல்லாமல் இரண்டாவது கோரைச் சேர்க்கவே கூடாது.